களையை அடக்க வந்த கழலை ஈ

செடியின் தண்டிலோ இலையிலோ ஒரு சிறு பூச்சி குடிபுகுந்தால், அவ்விடம் வீங்கிப் பருத்துக் காய் போல் உருண்டு நிற்பதை நாம் பலரும் கண்டிருக்கிறோம். இவ்வீக்கத்தைக் கழலை என்பர். நம் நெசவாள அங்கத்தினர்களுக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கும் கழலை புதிய பொருளன்று. சாயத் தொட்டியருகே வளர்ந்தவர்கள் மாசிக்காயை அறிவார்கள். அது பெயரளவில் காயேயன்றி உண்மையில் காயன்று. மேற்காசிய நாடுகளில் வளரும் ஓக் மரத்தின் கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிட, அதனால் எழுந்த கழலையே அது. நம் மலைகளில் கடுக்காய் மரத்து இலைகளில் தோன்றும் கடுக்காய்ப்பூவும் பூவன்று; அதுவும் பூச்சியால் உண்டான கழலையே. இரண்டிலும் துவர்ப்புச் சத்து மிகுந்திருப்பதால் சாயத் தொழிலுக்கும் மருத்துவத்துக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளன.

நெல் பயிரிடுவோரோ கழலையை வேறு முகத்தோடு அறிவார்கள். ஆனைக்கொம்பன் ஈ தாக்கிய நாற்று, கதிர் ஈனாமல் வெங்காயத் தாள் போன்ற வெள்ளிக் குழலாக நீள்வதைக் கண்டு வயிறெரிந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆக, கழலை ஒருவருக்குச் சரக்கு, மற்றொருவருக்குச் சாபம். இக்கட்டுரையில் நாம் கூறப் புகுவது மூன்றாவது வகையான ஒரு கழலையைப் பற்றி. களைச்செடியின் மீது தோன்றி அதன் வலிமையைக் குறைக்கும்பொருட்டு, மனிதன் திட்டமிட்டு நாடு விட்டு நாடு கொண்டு சென்ற ஈயின் வரலாறு இது. அந்த ஈ நம் நீலகிரிக்கும் வந்தது என்பதால் அதன் வரலாறு நமக்கு வெறும் வேடிக்கைச் செய்தியன்று.

பகைவர் குலத்தில் ஒரு நண்பன்

மாம்பழத்தைக் குடையும் ஈயையும், பாகல், புடலை, பூசணிப் பிஞ்சுகளை அழுகச் செய்யும் ஈயையும் நாம் பழ ஈக்கள் என்று அழைக்கிறோம். பெண் ஈ தன் உடலின் நுனியிலுள்ள கூரிய குழலால் காயின் தோலைத் துளைத்து முட்டையை உள்ளே வைத்துவிடுகிறது. புழு உள்ளிருந்தே தின்கிறது. இக்குடும்பம் மிகப் பெரியது. அதில் எல்லா இனங்களும் பழத்தை நாடுவதில்லை. சில பூக்களின் தலையில் வாழ்கின்றன. சில தண்டைக் குடைகின்றன. சில தண்டில் கழலையை உண்டாக்கி அதனுள் குடியிருக்கின்றன. நாம் கூறும் ஈ இக்கடைசி வகையைச் சேர்ந்தது. அறிவியலார் இதற்குப் புரோசெசிடோகாரிஸ் யூட்டிலிஸ் என்று பெயரிட்டுள்ளனர். ‘யூட்டிலிஸ்’ என்னும் லத்தீன் சொல்லுக்குப் ‘பயனுள்ளது’ என்பது பொருள். 1947-ஆம் ஆண்டில் இவ்வினத்தை விவரித்தவர் அதன் பயனை முன்னரே அறிந்து பெயரிட்டார் என்பது தெளிவு. ஏனெனில் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே அது ஹவாய்த் தீவுகளில் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தது.

மலையேறிய களை

ஈ தேடிச் செல்லும் செடி யூபடோரியம். இன்று நூல்களில் அஜெராட்டினா அடினோபோரா என்ற பெயரால் வழங்குகிறது. மெக்சிகோ நாடு இதன் தாயகம். ஆளுயரம் வரை வளரும் புதர். தண்டு சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். அதன்மேல் பிசுபிசுக்கும் மெல்லிய மயிர்கள். எதிரெதிராக அமைந்த, ஓரம் பல்லுப்பல்லாய் வெட்டுண்ட இலைகள். கிளை நுனிகளில் கொத்துக்கொத்தாக வெண்பூக்கள். இந்த வெண்மையின் அழகே பல நாடுகளில் அது நுழைவதற்குக் காரணமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலங்காரச் செடியாகத் தோட்டங்களில் நடப்பட்டது, வேலியைத் தாண்டி மலையைப் பிடித்துக்கொண்டது.

அதன் பெருக்கத்தின் இரகசியம் நாம் அறியத்தக்கது. விதை உண்டாவதற்கு இச்செடிக்கு மகரந்தச் சேர்க்கை வேண்டியதில்லை. ஒரே ஒரு செடி தனித்து நின்றாலும் ஓராண்டில் பல்லாயிரம் விதைகளை உண்டாக்கும். ஒவ்வொரு விதைக்கும் பட்டிழை போன்ற மயிர்க்குஞ்சம் உண்டு. காற்று அதனைத் தூக்கிச் செல்கிறது. ஓடை நீரும், வண்டிச் சக்கரத்துச் சேறும், ஆடுமாடுகளின் குளம்பும் எஞ்சியதைச் செய்கின்றன. ஈர மண்ணில் சாய்ந்த தண்டு கணுதோறும் வேர்விடும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

நேபாளத்தில் இதனை ‘பன்மாரா’, அதாவது காட்டைக் கொல்லி என்று அழைக்கிறார்கள். கால்நடைகள் இதன் வாடையை விரும்பாமல் விலகிச் செல்வதால், மேய்ச்சல் நிலத்தில் புல் குறையக் குறைய இது பெருகுகிறது. குதிரைகள் மட்டும் இதை மேயும். அதன் பலன் கொடியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியில் இச்செடியைப் பல மாதங்கள் மேய்ந்த குதிரைகளின் நுரையீரல் கெட்டு, இருமி, மூச்சு வாங்கி இறந்தன; அப்பகுதியின் பெயராலேயே அந்நோய் ‘நமின்பா குதிரை நோய்’ என வழங்கலாயிற்று. நீலகிரியிலும் பழனி மலையிலும் இமயத்தின் அடிவாரச் சரிவுகளிலும் இச்செடி வேரூன்றிவிட்டது. சாலையோரம், ஓடைக்கரை, தரிசாய் விடப்பட்ட நிலம், தோட்டத்தின் ஓரம் ஆகியவையே இதன் இருப்பிடங்கள்.

ஈயின் வாழ்வு

பெண் ஈ யூபடோரியத்தின் கிளை நுனிக்கு வருகிறது. விரியாத இளந்தளிர்களின் இடுக்கே அது முட்டையிடும் இடம். சில நாட்களில் முட்டை பொரிந்து, வெண்மையான சிறு புழு தளிர் வழியே தண்டுக்குள் இறங்குகிறது. புழு தின்னத் தொடங்கியதும் அவ்விடத்துச் செடியின் வளர்ச்சி முறை மாறிவிடுகிறது. நீள வேண்டிய தண்டு நீளாமல் பருக்கிறது. உள்ளே புழுவைச் சுற்றிச் சத்து மிகுந்த மென்மையான தசைப்பகுதி உண்டாகிறது. புழுவுக்கு அதுவே உணவு, அதுவே வீடு. ஒரு கழலைக்குள் ஒரு புழுவும் இருக்கலாம். பல புழுக்களும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை உண்டு.

புழு மூன்று பருவம் கடந்து வளர்ந்தபின், கூட்டுப்புழுவாக உறங்குவதற்கு முன், மிகுந்த முன்யோசனையோடு ஒரு காரியம் செய்கிறது. அறையிலிருந்து வெளிப்பக்கம் நோக்கிக் குடைந்து சென்று, தண்டின் மெல்லிய மேல்தோலை மட்டும் கிழிக்காமல் விட்டுவைக்கிறது. ஈயாக மாறிய பின்னர் அதற்குக் கடிக்கும் வாய் இல்லை. கட்டைத் தண்டைத் துளைக்க முடியாது. ஆகவே புழுவாக இருந்தபோது அமைத்த இம்மெல்லிய சாளரத்தை முட்டி உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. நெல்மணியினும் சிறிய, கருநிற உடலும் பட்டை தீட்டிய சிறகுகளும் கொண்ட ஈ இது. முட்டை முதல் ஈ வரையில் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். குளிர் மிகுந்தால் நாளும் மிகும். ஓராண்டில் பல தலைமுறைகள் தோன்றும்.

செடிக்கு நேருவது என்ன? நுனிக்குச் செல்ல வேண்டிய சத்தைக் கழலை ஈர்த்துக்கொள்கிறது. கிளை குட்டையாகிறது, பூவும் விதையும் குறைகின்றன. ஒரே கிளையில் பல கழலைகள் தோன்றினால் கிளை காய்ந்தும் போகும். இளஞ்செடியும், நீர்ப் பற்றாக்குறையால் வாடும் செடியும் மிகுதியாக இன்னற்படுகின்றன. மற்றப் பயிர்களை இந்த ஈ தொடுவதில்லை. யூபடோரியம் ஒன்றே அதற்குத் தொட்டிலும் உணவும் ஆகும்.

மெக்சிகோவிலிருந்து நீலகிரிக்கு

ஹவாய்த் தீவுகளில் மாவி என்னும் தீவின் மேய்ச்சல் நிலங்களை யூபடோரியம் மூடியிருந்தது. 1945-ஆம் ஆண்டில் மெக்சிகோவிலிருந்து இந்த ஈயைத் தருவித்து அங்கே விட்டார்கள். மழை குறைந்த சரிவுகளில் களை வெகுவாகத் தணிந்து மீண்டும் புல் தலையெடுத்தது. மழை மிகுந்த இடங்களில் இத்துணைப் பலன் கிட்டவில்லை. ஆயினும் ஹவாயின் செய்தி கேட்டு மற்ற நாடுகளும் முன்வந்தன. 1952-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவும், 1958-ஆம் ஆண்டில் நியூசிலாந்தும் ஈயை ஏற்றன.

நம் நாட்டில் காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையம் 1957-ஆம் ஆண்டில் பெங்களூரில் தன் கிளையைத் தொடங்கியிருந்தது. 1963-ஆம் ஆண்டில் நியூசிலாந்திலிருந்து இந்த ஈ இந்தியாவுக்குத் தருவிக்கப்பட்டு, நீலகிரியிலும், வங்காளத்தின் டார்ஜிலிங், குர்சியாங் மலைப்பகுதிகளிலும் விடப்பட்டது. ஈ நிலைத்துப் பெருகியது. டார்ஜிலிங்கில் விடப்பட்ட ஈக்கு நாட்டெல்லை தெரியாது. அது தானாகவே நேபாளத்துக்குப் பரவியது. 1984-ஆம் ஆண்டில், நேபாளத்தை அடுத்த திபெத்தின் நியாலம் பகுதியில் சீன ஆராய்ச்சியாளர் இதனைக் கண்டு, யூபடோரியம் மிகுந்திருந்த யூனான் மாகாணத்துக்குக் கொண்டு சென்றனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவும் இந்த ஈயைத் தன் மலைச்சரிவுகளில் விட்டது.

வெற்றி ஏன் முழுமையடையவில்லை?

இத்துணைப் பயணம் செய்த ஈ களையை ஒழித்துவிட்டதா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான விடை. இன்றும் நீலகிரியில் யூபடோரியத்தைக் காணலாம். அதன் தண்டில் கழலையையும் காணலாம். இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன. இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, செடியின் இயல்பு. நுனியில் கழலை விழுந்தால் செடி கீழ்க்கணுக்களிலிருந்து புதுக்கிளை விட்டு ஈடுசெய்துகொள்கிறது. ஈரமும் வளமும் உள்ள இடத்தில் இந்த ஈடு எளிதாக நிகழ்கிறது. வறண்ட மாவிச் சரிவில் கிடைத்த பலன், ஓடைக்கரையில் கிடைக்காமைக்கு இதுவே காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் சிந்திக்கத்தக்கது. ஈயைத் தாயகத்திலிருந்து கொண்டு வந்தபோது, அதன் எதிரிகளான ஒட்டுண்ணிக் குளவிகளை நீக்கிவிட்டே கொண்டு வந்தார்கள். ஆனால் வந்த நாட்டில் வேறு குளவிகள் இருந்தன. இந்தியாவிலும், ஆஸ்திரேலியாவிலும், தென்னாப்பிரிக்காவிலும் உள்ளூர்க் குளவிகள் இப்புதிய விருந்தினரைக் கண்டுகொண்டன. கழலைக்குள் இருக்கும் புழுவின் மீது தம் முட்டையை வைத்தன. குளவிக் குஞ்சு ஈப்புழுவைத் தின்று வளர்கிறது. இதனால் ஈயின் தொகை ஓரளவுக்கு மேல் ஏறுவதில்லை.

ஹவாயில் நடந்தது இன்னும் விந்தை. பழத்தோட்டங்களைக் கெடுத்த மத்தியதரைக்கடல் பழ ஈயை அடக்குவதற்காக 1913-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குளவியை அத்தீவுகளுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். பின்னாளில் கழலை ஈ வந்து சேர்ந்தபோது, அக்குளவி இதனையும் பற்றிக்கொண்டது. இரண்டும் ஒரே குடும்பத்து ஈக்கள் அல்லவா? விவசாயி ஒன்றைப் பகைவனென்றும் மற்றதை நண்பனென்றும் பிரிக்கிறான். குளவிக்கு அந்தக் கணக்கு இல்லை. ஒரு காலத்தில் நன்மைக்கென்று செய்த ஏற்பாடு, இன்னொரு காலத்தில் செய்த நன்மையைக் குறைத்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் மட்டும் எதிர்பாராத ஓர் உதவி கிடைத்தது. ஈயோடு கூடவே, ஒருவரும் அறியாமல், இலைப்புள்ளி நோயை உண்டாக்கும் ஒரு பூஞ்சணமும் அங்கு வந்து சேர்ந்திருந்தது. அது யூபடோரியத்தின் இலைகளை உதிர்த்து ஈக்குத் துணையாயிற்று. ஒரு பூச்சியால் முடியாததை இரண்டு மூன்று எதிரிகள் சேர்ந்து செய்யக்கூடும் என்பதை இது காட்டியது. யூபடோரியத்தின் நெருங்கிய உறவினமான மற்றொரு களையை ஹவாயில் அடக்கியபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கே 1970-களில் அதற்குரிய கழலை ஈயையும், ஜமைக்காவிலிருந்து ஒரு பூஞ்சணத்தையும், மற்றொரு பூச்சியையும் சேர்த்து விட்டதில் பெரும் வெற்றி கண்டார்கள்.

சாயப் பூச்சி கற்பித்த பாடம்

பூச்சியைக் கொண்டு களையை அடக்கும் முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. அதன் தொடக்கம் நெசவுத் தொழிலோடு பின்னிக் கிடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இந்தியாவில் வளர்த்து ஆதாயம் பெற வேண்டுமென்று கிழக்கிந்தியக் கம்பெனியார் விரும்பினர். சென்னை சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்கென்றே கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்தது. ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் இனமன்று. அதன் தாழ்ந்த உறவினம். சாயத்துக்கு அது உதவவில்லை. கள்ளியையோ தின்று தீர்த்தது. சாயக்காரருக்கு ஏற்பட்ட நஷ்டம் உழவருக்கு இலாபமாயிற்று. 1830-களில் அப்பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டு வந்து கள்ளியை அடக்கப் பயன்படுத்தினர்.

ஆயினும் அது ஒருவகைக் கள்ளியை மட்டுமே தின்றது. நம் வயல்களையும் ஊர்ப்புறங்களையும் வளைத்துக்கொண்ட மற்றொரு சப்பாத்திக்கள்ளியை அது தீண்டவில்லை. அதற்குரிய வேறோர் இனத்தை 1926-ஆம் ஆண்டில் இலங்கை வழியாகத் தருவித்த பின்னரே, சில ஆண்டுகளில் பரந்த நிலங்கள் கள்ளியினின்று விடுபட்டன. சரியான களைக்குச் சரியான பூச்சி என்பதே இதன் பாடம். இனம் பிழைத்தால் காரியம் பிழைக்கும்.

இதற்காகவே இன்று வெளிநாட்டிலிருந்து எந்தப் பூச்சியையும் எவரும் தாமாகக் கொண்டு வருதல் கூடாதென்று சட்டம் உள்ளது. 1914-ஆம் ஆண்டின் பூச்சித் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் 2003-ஆம் ஆண்டில் பிறந்த தாவரத் தொற்றுத்தடை ஆணையும் இதனைக் கட்டுப்படுத்துகின்றன. பூச்சியைப் பூட்டிய அறையில் வளர்த்து, நம் பயிர்களை ஒவ்வொன்றாக அதன் முன் வைத்து, தின்னாது என்று உறுதி கண்ட பின்னரே வெளியே விடுகிறார்கள். பார்த்தீனியத்தை அடக்க 1984-ஆம் ஆண்டில் விடப்பட்ட வண்டு சூரியகாந்திச் செடியில் காணப்பட்டபோது விவசாயிகளிடையே எழுந்த அச்சத்தை நினைவுகூர்ந்தால், இவ்வெச்சரிக்கை மிகையன்று என்பது விளங்கும்.

நாம் செய்யத்தக்கவை

மலைப்பகுதியிலுள்ள நம் அங்கத்தினர்கள் இவ்வரலாற்றிலிருந்து சில முடிவுகளைக் கொள்ளலாம்.

முதலாவதாக, யூபடோரியத்தின் நுனித்தண்டில் சுண்டைக்காய் அளவிலோ சற்றுப் பெரிதாகவோ வீக்கம் கண்டால், அதனைப் பயிர் நோயென்று கருதி மருந்து தெளிக்க வேண்டாம். அது நம் வேலைக்காரன் குடியிருக்கும் வீடு. தேயிலைக்கோ காய்கறிக்கோ அது பரவாது.

இரண்டாவதாக, ஈயை நம்பிக் கைகட்டி இருத்தல் ஆகாது. ஈ விதையைக் குறைக்கும்; வேரைப் பிடுங்காது. களையைப் பூக்குமுன் அடிக்கட்டையோடு தோண்டி எடுப்பதே உறுதியான வழி. வெட்டி விடுவது போதாது. பிடுங்கிய தண்டை ஈர மண்ணில் போடுவதும் ஆகாது. தோண்டிய இடத்தை வெறுமையாக விடாமல் புல்லோ பயிரோ வைத்து மூடினால்தான், காற்றில் வரும் விதைக்கு இடமிராது.

மூன்றாவதாக, பூக்காத செடியைக் குப்பைக் குழியில் இட்டு மக்க வைத்தால் உரமாகும். நேபாளத்தில் இதனைக் கரித்தூளாக்கி அடுப்புக்கரிக் கட்டி செய்கிறார்கள். பூத்த செடியை மட்டும் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு எடுத்துச் செல்லலாகாது. சரக்குக் கட்டவும், கூடைக்கு அடியில் பரப்பவும் இதன் தழையைப் பயன்படுத்துவோர் விதையையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். குதிரை வைத்திருப்போர் அதனை இச்செடி மண்டிய இடத்தில் மேயவிடாதிருப்பது மிக அவசியம்.

நான்காவது முடிவே நம் இயக்கத்துக்கு மிக நெருங்கியது. ஒருவர் தம் நிலத்தைத் துப்புரவாக வைத்திருந்தும், அடுத்தவர் தரிசிலிருந்தும், எவருக்கும் சொந்தமல்லாத ஓடைக்கரையிலிருந்தும் விதை பறந்து வருமானால் அவர் உழைப்பு வீணாகிறது. மகரந்தத் துணையின்றி ஒற்றைச் செடியே ஒரு மலைச்சரிவை நிரப்ப வல்லதாதலால், ஒருவர் விட்டுவைத்த ஒரு செடி ஊருக்கே கடனாகிறது. இக்கடனைத் தனியொருவர் தீர்க்க இயலாது. ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குட்பட்ட ஓடைக்கரை, பாதை, மேய்ச்சல் நிலங்களை அங்கத்தினர்களுக்குப் பகிர்ந்து, பூக்கும் பருவத்துக்கு முன் ஆண்டுதோறும் ஒரு வாரத்தைக் களை எடுப்புக்கென ஒதுக்குதல் நலம்.

ஈயிடம் நாம் எதிர்பார்த்தது அதிகம். அது செய்தது அதன் சக்திக்கு உட்பட்டது. எதிரிகள் சூழ்ந்தும், அழைத்து வந்த அந்நிய மண்ணில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் வேலையை அது நிறுத்தாமல் செய்து வருகிறது. எஞ்சிய பங்கு நம்முடையது. மண்வெட்டியும் ஒற்றுமையும் சேர்ந்தால் அப்பங்கு பெரிதன்று.